இஸ்பிரீத்து சாந்து எங்கே கிடைக்கும்?

"உனக்கு எந்த மொழிட்டி வேணும்?"

என்னிடம் இப்படி ஒருத்தி கேட்டு ஏழு வருஷம் ஆகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்டவள் பாளையங்கோட்டை விடுதியில் என் அறைத்தோழி. தாமிரபரணி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அதன் இரண்டு கரையிலும் அவளைப்போல் வாய்க்காரி ஒருத்தி பிறந்ததில்லை. இது மிகை இல்லை. அவள் ஆற்றங்கரையிலேயே பிறக்கவில்லை. உவரியில், கடல் ஓரத்தில் பிறந்தவள். ஆகவே என் கூற்றில் பிழை கண்டுபிடிக்க முடியாது.

இதை நான் பொறாமையோடுதான் எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். பாதி எழுதியதை என் கணவர் படித்துவிட்டு, "இது அந்தப் பொண்ணைப் பத்தியா, உன்னைப் பத்தியா?" என்று கேட்டார். உடனே இரண்டு பத்தியை அடித்தேன். அவர் அலுவலகம் போனதும் ஒரு பத்தியைத் திரும்பச் சேர்த்தேன்.

விடுதியில் அவளுக்குப் பெயர் அகராதி. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும். வந்த முதல் வாரமே, சாம்பாரில் கிடந்த ஒரு பொருள் காய்தானா என்று வார்டனிடம் அவள் விசாரித்தாள். வார்டனுக்குக் கோபம் வந்தது. "அகராதி புடிச்ச கழுதை" என்றார். திமிர் பிடித்தவள் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் அதற்குப் பொருள். இவள் மட்டும் அறைக்கு ஓடிப்போய்த் தன் அகராதியை எடுத்து வந்து, "மேடம், இதையா சொல்லுதீய?" என்று பவ்வியமாக நீட்டினாள். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்று அவள் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று வருஷம் பக்கத்துக் கட்டிலில் கிடந்த என்னாலும் முடிந்ததில்லை.

அந்த அகராதி ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. அதைத்தான் தலைக்கு வைத்துக்கொள்வாள். தலைச் சூட்டில் சொற்கள் இளகி மேலே ஏறும் என்பது அவள் கட்சி. எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் தேர்வில் அவள் எனக்கு மேலே வந்த அன்று மத்தியானம், அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த அகராதியில் பத்து நிமிஷம் தலை வைத்துப் படுத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு தடவை வார்டனின் அலமாரிச் சாவி தொலைந்தது. விடுதியே தலைகீழாகிவிட்டது. வாளி, போர்வை, பாவாடை என்று எல்லாவற்றையும் உதறிப் பார்த்தோம். இவள் மட்டும் வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏன் தேடவில்லை என்று வார்டன் கேட்டார்.

"மேடம், அலமாரியும் போர்த்துகீசுக்காரன் கொண்டாந்த வார்த்தை. சாவியும் அவன் கொண்டாந்ததுதான். ரெண்டும் ஒரே கப்பல்ல வந்த சாதி. பைய ஒண்ணையொண்ணு தேடி வந்து சேந்துக்கிடும்."

வார்டன் வாயைத் திறப்பதற்குள் சமையற்கட்டிலிருந்து சாவி வந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கும். நான் அரை மணி நேரம் சாக்கடை ஓரத்தில் குனிந்து தேடியதை யாரும் கவனிக்கவில்லை.

ஜன்னல், மேசை, கோப்பை எல்லாம் அவள் ஊருக்குக் கப்பலில் வந்து இறங்கியவை என்று நாள்தோறும் எங்களுக்குச் சொல்லுவாள். என்னவோ அவளுடைய அப்பாவே கட்டுமரத்தில் போய் இறக்கி வந்த மாதிரி. எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். எங்கள் ஊருக்கு என்ன வந்தது என்று கேட்டால், "உங்களுக்கென்னட்டி, மலையிலேருந்து தண்ணி வருது, தண்ணி நெல்லாவுது, குடுத்து வச்சவிய" என்பாள். சொல் எதுவும் வரவில்லை என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள் பாருங்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு மானக்கேடு. இதை விட்டால் மற்றது விளங்காது என்பதால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றி நடுவில் வட்டமாகத் தடித்து, அரித்து, தோல் உரிந்து, பொட்டு வைத்தாலும் பொட்டு, எடுத்தாலும் பொட்டு என்று ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் அகராதியின் நெற்றியோ அப்போதுதான் சீவி எடுத்த நுங்கு மாதிரி இருந்தது. தினமும் விடிந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, தோளைத் தொட்டு ஏதோ முணுமுணுப்பாள். ஜெபம் என்று தெரியும். அவள் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள். ஆனால் அவள் முணுமுணுப்பில் ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு நாளும் என் காதில் தெளிவாக விழும்.

'இஸ்பிரீத்து சாந்து.'

சாந்து. எனக்குத் தெரிந்த சாந்து ஒன்று, கொத்தனார் குழைப்பது. மற்றது நெற்றிக்கு வைப்பது. இவள் நெற்றியைத் தொட்டுவிட்டுச் சாந்து என்கிறாள். நான் என்ன நினைக்க? இஸ்பிரீத்து என்பது கம்பெனிப் பெயர் என்று முடிவு கட்டினேன். வெளிநாட்டுச் சரக்கு. நிறமில்லாதது. உவரிக்குக் கப்பலில் வந்திருக்கும். அங்கேதான் எல்லாம் கப்பலில் வருகிறதே. இவ்வளவு பேசுகிறவள் இந்த ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் இல்லாதபோது அலமாரியைத் திறந்து பார்த்தேன். டிரங்குப் பெட்டியைக்கூடத் தடவினேன். ஒரு டப்பா கருவாட்டுப்பொடி கிடைத்தது. சாந்து இல்லை.

ஒரு சனிக்கிழமை வண்ணார்பேட்டைக்குப் போனேன். பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே வளையல், ரிப்பன், பொட்டு விற்கும் கடை. கடைக்கார அண்ணாச்சியிடம் குரலைத் தாழ்த்தி, "இஸ்பிரீத்து சாந்து இருக்கா?" என்று கேட்டேன்.

வண்ணார்பேட்டையில் எந்தக் கடைக்காரரும் ஒரு பொருளைக் கேள்விப்பட்டதில்லை என்று சொல்லமாட்டார். அண்ணாச்சி மேல் தட்டைப் பார்த்தார். கீழ்த் தட்டைப் பார்த்தார்.

"அது இப்பம் வரத்து குறைஞ்சு போச்சும்மா. போன வாரந்தான் ஒண்ணு கெடந்துச்சு, ஒரு டீச்சரம்மா கொண்டுபோயிட்டாவ. சொல்லி வைக்கேன், அடுத்த சனி வா."

அடுத்த சனி போனேன். மதுரையிலிருந்து சரக்கு ஏறிவிட்டது என்றார். அதற்கடுத்த சனியும் போனேன். ஒரு சின்னக் குப்பியை எடுத்து வைத்து, "கம்பெனி அதேதான். பேரை மட்டும் மாத்திட்டான்" என்றார். நான் வாங்கி வந்தேன்.

மறுநாள் என் நெற்றி நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அகராதி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். ஜெபத்துக்குத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"என்னத்தட்டி போட்ட?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நீ போடற அதே சாந்துதான். ஒனக்கு மட்டும் நல்லதைக் கொண்டுவந்து வச்சுண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? மூணு வாரமா கடையில தேடினேன்" என்று கொட்டித் தீர்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என்ன சாந்து, எந்தக் கடை, அண்ணாச்சி சரியாக என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். இஸ்பிரீத்து சாந்து என்றால் பரிசுத்த ஆவி. போர்த்துகீசியச் சொல். கோயிலில் எல்லாரும் பரிசுத்த ஆவி என்று மாற்றி வெகுகாலம் ஆகியும், அவள் அம்மா வீட்டில் பழைய மாதிரியே சொல்லி, அதுவே அவளுக்கும் வாயில் நின்றுவிட்டது. அவ்வளவுதான். எனக்கு நெற்றியில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் நெற்றியைத் தொட்டு ஆரம்பித்தாள். 'இஸ்பிரீத்து' வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. கட்டில் குலுங்கியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவளால் ஜெபத்தை முடிக்க முடியவில்லை. தன்னை நரகத்துக்கு அனுப்பப்போவது நான்தான் என்றாள்.

ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரு புதிய பித்துப் பிடித்தது. அம்மா சொல்லும் அந்த ஒரு வரியைத் துண்டு துண்டாக நறுக்க ஆரம்பித்தாள். பிதா, சுதன், நாமம் எல்லாம் சமஸ்கிருதம். நடுவில் இஸ்பிரீத்து சாந்து, போர்த்துகீசியம். முடிவில் ஆமென், எபிரேயம். இத்தனையையும் சேர்த்துக் கட்டியிருக்கும் உருபுகள் மட்டும் தமிழ். "எங்கம்மை பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. ஒரு நாளைக்கு இருவது தடவ நாலு பாஷை பேசுதா. அவளுக்கே தெரியாது" என்று மெஸ்ஸில், மாடியில், குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள்.

நான் அதைக் கேட்டபோது என் மனதில் பட்டது ஒன்றுதான். சமஸ்கிருதம் எங்கள் வீட்டுச் சொத்து. அப்பா பள்ளியில் சமஸ்கிருத வாத்தியார். அதில் இவளுக்கு என்ன பங்கு?

மூன்றாம் வருஷக் கடைசியில் நூலகப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கும் முதுகலை. உபகாரச் சம்பளம் உண்டு. தென் ஜில்லாக்களுக்கு ஒரே ஓர் இடம். விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள். மூன்று மொழிகளை எழுத வேண்டும். மூல நூல்களைப் படிக்க இரண்டு, ஆராய்ச்சி நூல்களைப் படிக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று காரணம் எழுத வேண்டும்.

அதை நான் இரண்டு தடவை படித்தேன். சின்ன வயதிலிருந்து அப்பா தினமும் குளித்துவிட்டுச் சொல்லும் ஸ்லோகங்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். அர்த்தம் கேட்டால், முதலில் மனப்பாடம் பண்ணு, அர்த்தம் பிறகு என்பார். இருபது வயதாகியும் அந்தப் பிறகு வரவில்லை. அந்த அர்த்தத்தை யாராவது எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்களா என்று இருந்தது. என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. இதை ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

அகராதியும் அதே பலகை முன்னால் நின்றாள். "ரெண்டு பேரும் போடுவோம்ட்டி" என்றாள். இடம் ஒன்று என்பது அவள் கண்ணில் படவே இல்லை. எனக்கு அது மட்டும்தான் பட்டது.

விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னால், அந்த மாத விடுமுறையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அழைக்கவில்லை, அம்பாசமுத்திரம் பேருந்தில் அவளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். போய்ச் சேர்ந்து கால் கழுவுவதற்குள் அப்பாவிடம் ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் ஊரில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனம். எங்கள் தெருவில் சங்கீர்த்தனம் என்றால் பஜனை. "ஏன் சார், நாங்க என்ன பாவத்தைப் பாட்டாவா பாடுதோம்?" என்று கேட்டாள். அப்பா சிரித்து நான் பார்த்தது கல்யாண வீடுகளில்தான். அன்று சிரித்தார். வேர்ச்சொல்லை எடுத்து, பிரித்து, ஒட்டி, சொல்வதும் பாடுவதும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்று ஒரு மணி நேரம் விளக்கினார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. காபி ஆறியது. சுட வைத்து மறுபடி கொண்டுபோனேன்.

அவள் ஊர் திரும்பிய பிறகு அப்பா என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு கேக்கறது. நீ எழுதிக்கறே."

வைதாரா, சும்மா சொன்னாரா தெரியாது. மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விண்ணப்பம் அனுப்பும் நாள் நெருங்கியபோது அப்பாவே மைப்பேனாவோடு விடுதிக்கு வந்துவிட்டார். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து என் கட்டங்களை நிரப்பினார். சமஸ்கிருதம். பாலி. ஜெர்மன். ஜெர்மன் எதற்கு என்று நான் கேட்டேன். இருக்கட்டும் என்றார். காரணங்களையும் அவரே அழகான ஆங்கிலத்தில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போன பிறகு அகராதி என் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இது உங்கப்பாவுக்கு வேண்டியது. உனக்கு எந்த மொழிட்டி வேணும்?"

நான் அவளுடையதைப் பிடுங்கிப் பார்த்தேன். சமஸ்கிருதம், எபிரேயம், போர்த்துகீசியம். காரணம் என்ற இடத்தில், மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி: 'என் அம்மா கும்பிடுவது எனக்குப் புரிய வேண்டும்.'

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "சமஸ்கிருதம் ரொம்பக் கஷ்டம். ஒனக்கு வராது" என்றேன். அவள், "வராட்டா உன் கிட்டத்தான கேக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு ஒட்டுவதற்குப் பசை தேடப் போனாள்.

நேர்காணல் மதுரையில். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போனோம். நான் கோவில்பட்டி வரைக்கும் சான்றிதழ்களை எண்ணினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்த, அரபு தெரிந்த ஒரு வியாபாரியிடம் அரபுச் சொற்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். சாத்தூரில் அவர் இறங்கும்போது அவளுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு கொடுத்தார். எனக்குப் பாதி தந்தாள். அதையும் பொறாமையோடுதான் தின்றேன்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். கதவு பாதிதான் சாத்தியிருந்தது. உள்ளே மூன்று பேர். ஒருவர் கேட்கிறவர், ஒருவர் எழுதுகிறவர், வயதான மூன்றாமவர் தூங்குகிறவர். கொஞ்ச நேரம் அவள் குரல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு மேசையைத் தட்டும் சத்தம். தூங்கினவர்தான் தட்டினார் என்று பிறகு தெரிந்தது.

அவள் வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "உன் சாந்துக் கதையத்தாம்ட்டி சொன்னேன். ஒருத்தருக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. ஒரு வார்த்தை ஒரு வீட்டுல ஆவியா இருக்கு, அடுத்த கட்டில்ல பொட்டா இருக்கு, இதத்தான் நான் படிக்கணும்னேன். நல்ல ஆளுவ, பயப்படாத போ."

என் நெற்றி. என் மூன்று சனிக்கிழமை. என் வீக்கம். அதை எடுத்துக்கொண்டு போய் அவள் உள்ளே கொடுத்துவிட்டு வருகிறாள். உள்ளே போனேன். கேட்கிறவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். அதே விடுதி, அதே அறை எண். நிமிர்ந்து சிரித்த முகத்தோடு கேட்டார்: "சாந்து தேடிக் கடைக்குப் போன தோழி நீங்கதானா?"

"இல்லை" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. சரி, ஏன் சமஸ்கிருதம் என்று கேட்டார். அப்பாவின் ஸ்லோகங்கள், இருபது வருஷமாக வராத அந்த அர்த்தம், எல்லாம் தொண்டைவரை வந்தன. நான் சொன்னது: "அப்பா எழுதச் சொன்னார்." ஏன் பாலி? "அதுவும் அப்பாதான்." ஜெர்மனைப் பற்றி அவர் கேட்கவில்லை. மூன்றாமவர் மறுபடி தூங்கிவிட்டார்.

திரும்பும் பேருந்தில் என்ன கேட்டார்கள் என்றாள். அந்தத் தோழி நான் இல்லை என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எத்தன தடவ இல்லன்ன?"

"ஒரு தடவைதான்."

"அப்பஞ் சரி. எங்க ராயப்பரு, அதாம் பேதுரு, ஏசுவத் தெரியாதுன்னு மூணு தடவ சொன்னாரு, அவரையே மன்னிச்சாச்சு. உனக்கு இன்னும் ரெண்டு பாக்கி கெடக்கு" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கயத்தாறு வரைக்கும் அவள் தலை என் தோளில் கிடந்தது. கனமான தலை. அதற்குள் இருக்கும் அகராதியை நினைத்து ஆத்திரமாக வந்தது. ஆனால் தோளை எடுக்கவில்லை.

இடம் அவளுக்குக் கிடைத்தது. அந்த வருஷமே எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். வண்ணார்பேட்டையிலேயே வீடு அமைந்தது. அந்தப் பொட்டுக்கடை வழியாகத்தான் காய்கறிக்குப் போக வேண்டும். அண்ணாச்சி இன்னும் என்னை அடையாளம் கண்டு, "சரக்கு வந்திருக்கும்மா" என்கிறார். என்ன சரக்கு என்று நான் கேட்பதில்லை.

எனக்கு ஒரு பெண் குழந்தை. இரண்டரை வயது. இன்னும் சரியாகப் பேசவில்லை. அம்மா, தா, காக்கா, இந்த மூன்றுதான். மருத்துவர் பொறுங்கள் என்கிறார். நான் அதிகம் பேசாததால்தான் குழந்தை பேசவில்லை என்று மாமியார் சொல்கிறார். பக்கத்து வீட்டம்மா, நான் பேசுவது ஜாஸ்தி, குழந்தைக்கு இடமே கிடைப்பதில்லை என்கிறார். இரண்டும் சரியாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் அகராதியைப்போல் படித்திருந்தால் இப்படிக் குழம்புவேனா, குழந்தையோடு எப்படிப் பேச வேண்டும் என்றாவது தெரிந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே சோறு ஊட்டுவேன். குழந்தை காக்கா என்னும்.

போன மாதம் அகராதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதிய முதல் கடிதம். அவளுடைய கடிதங்கள் பதினொன்றுக்கு என் பதில் அந்த ஒன்று. குழந்தை பேசாததை எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

பதில் பத்து நாளில் வந்தது. தடித்த உறை. இப்போது அவள் அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டு, புதிதாகச் சேருகிறவர்களுக்கு எபிரேயம் நடத்துகிறாள். பேசுவது போலவே எழுதுவாள்.

'பிள்ள பேசலன்னு ஏன்ட்டி கலங்குத? எபிரேயத்துல உயிரெழுத்த எழுதவே மாட்டாவ. மெய்ய மட்டும் எழுதி வச்சிட்டு, மிச்சத்த வாசிக்கிறவன் போட்டுக்கிடணும். உன் மவ அந்த முறையில பேசுதா. இங்கன கூட்டிட்டு வா.'

உறைக்குள் ஒரு விண்ணப்பமும் இருந்தது. அதே படிப்பு, அதே மூன்று கட்டங்கள். முதல் வருஷம் வீட்டிலிருந்தே படிக்கலாம். இரண்டாம் வருஷம் போய்த் தங்க வேண்டும். குழந்தையைத் தன் வகுப்பு மேசையில் உட்காரவைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாள். அனுப்ப இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். இதைவிட வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒரு மொழியே வரவில்லை, தாய்க்கு மூன்று கேட்கிறது என்று மட்டும் ஒருநாள் முருங்கைக்கீரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே வாசகர்களிடம் கேட்கிறேன். இரண்டரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண் இந்த வயதில் மதம் படிக்கப் போகலாமா? போனால் எந்த மொழிகளை எழுதலாம்? சமஸ்கிருதத்தை எழுதலாமா, இல்லை அது இன்னமும் அப்பாவுடைய விருப்பமாகவே இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாகப் பிள்ளை வளர்த்தவர்கள், தயவுசெய்து இந்தப் பத்திரிகை முகவரிக்குச் சீக்கிரம் எழுதுங்கள்.

இரண்டு கட்டங்களுக்குச் சொன்னால் போதும். மூன்றாவதில் எபிரேயம் என்று நேற்று நானே பேனாவால் எழுதிவிட்டேன். அதில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. எந்தப் பக்கமிருந்து வாசிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஏன் எபிரேயம் என்று நேர்காணலில் கேட்பார்கள். 'அதை அவள் நடத்துகிறாள்' என்று உள்ளதைச் சொன்னால், அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வார்களா?